நெஞ்சில் விழுந்த அன்னங்கள்

அறுபதுகளில் காசநோய் ஆராய்ச்சிக்கான எக்ஸ்ரே வண்டி சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தது. படம் எடுக்கிறார்கள் என்றதும் எங்கள் நெசவுத் தெருப் பெண்கள் எல்லோரும் பட்டுச்சேலையில் போய் நின்றோம். எனக்கோ விடாத இருமல். படம் எடுத்தவர் ஒல்லியானவர். "மூச்சை இழுத்துப் பிடிம்மா" என்று சொல்லிவிட்டுத் தானும் கன்னம் உப்பப் பிடித்துக்கொள்வார்.

மறுநாள் கழுவிய படத்தோடு என் வீட்டுக்கே ஓடி வந்து, அதை வெயிலில் தூக்கிக் காட்டினார். என் விலா எலும்புகள்மேல் வரிசையாக அன்னங்கள்!

"உன் பட்டுச்சேலை ஜரிகையில வெள்ளி இருக்குதில்ல, அதான் அதுல நெஞ்ச அன்னமெல்லாம் படத்துல விழுந்துடுச்சு! பின்னால நோய் இருந்தா டாக்டருக்கு எப்படிம்மா தெரியும்? நூல் சேலை கட்டிக்கினு வா."

இரண்டாவது படத்தில் நெஞ்சு சுத்தம். என்னைவிட அவர்தான் குதித்தார். அன்னப் படத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். கெட்டுப்போன படம் எதற்கு என்று கேட்டேன்.

"இத்தினி வருசமா நெஞ்சுக்குள்ள நோயைத்தாம்மா தேடிக்கினு இருக்கேன். அன்னத்த இப்பத்தான் பாத்தேன்."