மூன்று போத்தலும் என் மகனுடையது

முதலில் வந்தது பச்சை அரிசி ஆசை. உலை வைக்க அரிசி களையும்போது ஒரு பிடியை வாயில் போட்டு மெல்லுவேன். ஒரு பிடி இரண்டானது. பிறகு சேலை முந்தானையில் முடிந்து மலைக்கே கொண்டுபோகத் தொடங்கினேன். கூடக் கொழுந்து பறிக்கும் பெண்கள், "என்னாடி, மறுபடியும் மசக்கையா?" என்று கேலி செய்தார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது. மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

பன்வில பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் மலைக்குப் போகும் ஏற்றத்தைப் பதினெட்டு வயதிலிருந்து ஏறுகிறேன். ஒரு நாள் பாதி வழியில் நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிட்டேன். நகங்கள் வெளுத்து, நடுவில் கரண்டிபோலக் குழிந்தன. பறிக்கும் கொழுந்து குறைந்தது. "சோம்பேறித்தனம்" என்றார் கங்காணி. உங்களிடமும் யாராவது இதைச் சொன்னால் நம்பாதீர்கள். நான் நான்கு மாதம் நம்பினேன். அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

தோட்டத்து மருந்தகத்தில் இரத்தம் சோதித்ததும் பேராதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் (ஒட்சிசனைச் சுமந்து செல்லும், இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள்) இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோபி (வாய் வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். புற்றுநோய் என்றுதான் நினைத்தேன். வார்டில் படுத்தபடி, நான் போனால் மகனுக்கு யார் சமைப்பார்கள் என்று யோசித்தேன். கடைசியில் மலத்தைச் சோதித்தபோதுதான் பிடிபட்டது: கொக்கிப்புழு (மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக உடம்புக்குள் போய், குடலைக் கடித்து இரத்தம் குடிக்கும் புழு).

"பூச்சி மட்டுந்தானா டொக்டர்?" என்று கேட்டு அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

டொக்டர் அக்குறணையைச் சேர்ந்த இளம்பெண், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு. எங்கள் பகுதிச் சுகாதார அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசிவிட்டுப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"ஒங்கட தோட்டத்துல போன வருஷம் சர்வே ஒண்டு செஞ்சீக்காங்க. பெரியாக்கள்ல ஒத்தருக்கும் பூச்சி இல்லண்டு ஈக்குதே. அதுனாலதான் பெரியாக்களுக்கு மாத்திரை தேவையில்லண்டு விட்டீக்காங்க."

பரவல் வீதம் (நூறு பேரில் எத்தனை பேருக்கு ஒரு நோய் இருக்கிறது என்ற கணக்கு) என்ற சொல்லை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். கேட்டதும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால் அந்தச் சர்வே எனக்கு நன்றாக நினைவிருந்தது. மலம் எடுத்துக் கொடுக்க வீட்டுக்கு மூன்று சிறிய போத்தல்கள் தந்தார்கள். கணவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் பதினாறு வீட்டுக்கு, நான்கு கக்கூஸ். இரண்டின் கதவுக்கு உள்ளே பூட்டக் கொண்டி இல்லை. விடியற்காலையில் வரிசையில் நிற்கும் ஆண்கள் முன்னால் அந்தப் போத்தலோடு எப்படிப் போய்வருவது? மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். அவனுடையது சுத்தமாகத்தான் இருக்கும், நம் வீட்டுக்கும் நல்ல பெயர் என்று, மூன்று போத்தலையும் அவனுடையதாலேயே நிரப்பிக் கொடுத்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"அந்தக் கணக்கு பொய் டொக்டர்" என்றேன். "என் பேரு ஒட்டுன போத்தல்ல இருந்தது என் மவனோடது."

டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒங்கட ஊட்ல மட்டுமா இப்பிடி?"

"தெரியலைங்க. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

புழுவுக்கான மாத்திரை சிறியது, சீக்கிரம் முடிந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரைதான் மாதக்கணக்கில். அதை விழுங்கும் நேரத்தில் தேநீர் குடிக்கக் கூடாது, சத்து உடம்பில் சேராதாம். கொழுந்து பறிக்கிறவளுக்குச் சாயத்தண்ணி விலக்கு! மலம் கறுப்பாகப் போகும். பயப்படாதீர்கள்.

என் கணவர் கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். நான் தோட்டத்தில் பேசப்போவதாகச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது.

"வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டியா? நம்ம லயமே நாறுதுன்னு பேசுவானுங்க."

"நாறுறது கக்கூசுங்க. நாம இல்ல."

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் முன், முன்னால் போய் நின்றேன்.

"எனக்குச் சோம்பேறித்தனம் இல்ல, வயித்துல பூச்சி. போன வருசம் நான் குடுத்தது என் மவனோடது. நீங்க குடுத்தது யாரோடது?"

கங்காணி தொண்டையைச் செருமினார். பின்வரிசையிலிருந்து மாரியாயி அக்கா குரல் கொடுத்தார்: "எங்க வீட்டுல எல்லாம் பேரனோடதுதான்டி. பாவம் அந்தப் புள்ள!" பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள்.

நாங்கள் சொன்னதைக் கேட்ட, முதல் சர்வே செய்த சுகாதாரப் பரிசோதகர் திட்டவில்லை. புதுப் போத்தல்களோடு திரும்பி வந்தார். "கொண்டி போட்ட பொறகுதான் போத்தல்" என்று பெண்கள் ஒரே பிடியாக நின்றோம். இரண்டு கதவுக்கும் ஒரே நாளில் கொண்டி வந்தது. இத்தனை வருடம் கிடைக்காத ஆணி அன்று எங்கிருந்து கிடைத்ததோ!

முடிவு வந்தபோது, போன முறை ஒரு பெயரும் இல்லாத இடத்தில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. பெரியவர்கள் எல்லோருக்கும் மாத்திரை வந்தது. மானத்தை வாங்கிவிட்டாள் என்று சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், மாத்திரையை விழுங்கினார்களே.

கணவர் முடிவு எழுதிய துண்டுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரக்கறிப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்கிறவர் அவர்.

"எனக்கும் இருக்காம்."

"சரி சோம்பேறி, உள்ள வாங்க, சாப்பிடுவோம்" என்றேன். முறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

ஒரு சிவப்பணு ஏறக்குறைய நான்கு மாதம்தான் வாழும் என்று டொக்டர் சொன்னார். நான் மாத்திரை தொடங்கி ஏழு மாதமாகிறது. இப்போது என்னில் ஓடுவது புது இரத்தம். மாதங்களைக் கலண்டரில் பார்ப்பதை விட்டுவிட்டேன். மேல் மலை ஏற்றத்தில் ஐந்து இடத்தில் நின்ற மாதம், மூன்று இடத்தில் நின்ற மாதம் என்றுதான் கணக்கு. இப்போது ஒரே இடத்தில் நிற்கிறேன், அதுவும் கீழிருந்து ஏறி வருகிறவர்களைக் கூப்பிட்டுக் கேலி செய்ய.

ஒரு விஷயத்தில் மட்டும் மனம் ஆறவில்லை. இரண்டாம் சர்வேயில் நான் என்னுடையதையே கொடுத்தேன். மருந்து எடுத்திருந்ததால் பூச்சி இல்லை என்று வந்தது. "அப்ப என்னைய எதுலங்க சேப்பீங்க?" என்று பரிசோதகரிடம் சண்டை பிடித்தேன். இப்போது இல்லாத நோயை எழுத முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான். முதல் கணக்கில் நான் பொய் சொன்னேன், இரண்டாவதில் உண்மை சொன்னேன். இரண்டிலும் எனக்கு நோய் இல்லை.

எனக்கு இருந்தது. அதனால்தான் என் கைப்பட இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் என்னையும் ஒன்று என்று கூட்டிக்கொள்ளுங்கள்.