ஆற்றில் எறிந்த மண் உருண்டைகள்

போன வாரம் என் மகன் பள்ளியிலிருந்து பச்சைத் தொப்பியோடு வந்தான். “ஆத்துல மண்ணு உருண்டை போட்டோம்பா. இனிமே சுத்தமாயிரும்லா!” என்றான். நான் சாமி மேடை முன் போய் உட்கார்ந்தேன். அம்மனிடம்தானே இதையெல்லாம் சொல்ல முடியும்.

அவன் வயதில் எனக்கும் அப்படி ஒரு தொப்பி கொடுத்தார்கள். சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் ஆற்றில்தான் கரகம் விடுவார்கள், இறந்தவர் சாம்பலும் கரைப்பார்கள். ஆற்றின் மேல்பக்கம் கையுறைத் தொழிற்சாலை வந்தபின் கழிவு கலந்து தண்ணீர் வெள்ளையாக ஓடியது. சாம்பலைக் கடலுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள்.

ஆற்றைக் காக்கும் விழா என்று கூடாரம் போட்டு, மேளம் அடித்து, பெரிய மனிதர் பேசினார். பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் மண் உருண்டைகளை எறிந்தோம். அவற்றில் சேர்த்த நல்ல கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடுமாம். அன்று தண்ணீருக்கடியில் கல் தெரிந்தது. சாமி சத்தியமாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்லித் தள்ளினேன்.

அடுத்த வாரமே சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார். சாம்பலைக் கரைக்க அப்பா கடலுக்கு வேன் பேசினார். சித்தி மறுத்தார்.

“வேணாம் மாமா. வேல விட்டு வந்தா இந்த ஆத்துலதான் கெடப்பாரு. கடலு அவருக்குப் பழக்கமில்ல.”

“ஆறா அது? லோங்காங்லா! ஊரு சாக்கடையெல்லாம் அதவிட மேலு.”

“அதான் சுத்தம் பண்ணிட்டாங்களே. தம்பி கண்ணால பாத்திருக்கான்ல?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஆமா, கல்லெல்லாம் தெரியுது,” என்றேன். அப்பா வேனை ஆற்றுக்கே வரச் சொன்னார்.

இருட்டோடு போய், சாம்பல் பானையைக் கரையில் இறக்கிப் பூசையை முடித்தோம். பொழுது வெளுத்தபோது பார்த்தால், ஆறு கஞ்சித் தண்ணீராக ஓடுகிறது.

“விழா அன்னிக்கு மட்டும் பெக்டரி பைப்ப மூடி வச்சிருக்கானுங்க, படுபாவிங்க!” அப்பா பல்லைக் கடித்தார். “வேன்ல ஏறுங்க, கடலுக்கே போலாம்.”

“எறக்கி வச்ச பானையத் திருப்பித் தூக்கக்கூடாது அண்ணே,” என்றார் பூசை செய்ய வந்த பண்டாரம். “ஆத்மா அலையும்.”

அப்பா பானையைக் கவிழ்த்தார். சாம்பல் நுரையில் சுழன்று, கரையோரம் கிடந்த பிளாஸ்டிக் பைகளில் ஒட்டிக்கொண்டு நின்றது. சித்தி இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையாலும் அதைத் தள்ளித் தள்ளி விட்டார்.

“போங்க… சீக்கிரம் போயிருங்க… இங்க நிக்காதீங்க…”

சித்தி சித்தப்பாவைச் சொர்க்கத்துக்கு அனுப்பி வைக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.