சாட்சி மௌனமாக இருந்தார்

ஒரகடம் பக்கம் புதுக் கம்பெனிகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்த காலம். அதில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் ஐந்து வருடம் குப்பை கொட்டினேன். மன்னிப்புக் கடிதம் வாங்குவதில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. தாமதமாக வந்தாலும் கடிதம், சூப்பர்வைசரை முறைத்தாலும் கடிதம். 'என் கவனக்குறைவே காரணம், இனி இப்படி நடக்காது' என்று வாசகத்தை நானே சொல்வேன். லைனில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். பெரிய விசாரணை வராமல் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு நினைப்பு!

ஒருநாள் காலை ஷிப்டில், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த பெண் ஒருத்தி அவசர பட்டனை அமுக்கி லைனையே நிறுத்திவிட்டாள். கை உள்ளே இருந்தால் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷின் இறங்கக் கூடாது, சென்சார் தடுக்க வேண்டும். அது தடுக்கவில்லை என்றாள். மெயின்டனன்ஸ்காரர் வந்து ஐந்தே நிமிடம் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று போய்விட்டார்.

"இன்னா சார் இது, இஷ்டத்துக்கு லைன நிறுத்திக்கினு கீது. ஒரு லெட்டர் வாங்கிடு சார், மேல நான்தான் பதில் சொல்லணும்" என்று சூப்பர்வைசர் அவளை என் அறையில் விட்டுப் போனார்.

அன்று கேன்டீனில் வடை. பிந்தினால் கிடைக்காது. நான் அவசரமாகச் சொல்லத் தொடங்கினேன்: 'மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. என் கவனக்குறைவால் பட்டனை அழுத்திவிட்டேன்.'

அவள் பேனாவை நிறுத்தினாள். "அப்படி எழுதுனா பொய்யால்லா ஆகும் சார்?"

"சும்மா ஃபைலுக்குத்தாம்மா. எழுதிட்டு லைனுக்குப் போ."

எழுதினாள். எனக்கு வடையும் கிடைத்தது.

மூன்றாவது வாரம் அதே பிரஸ், பக்கத்து ஊரான வடக்குப்பட்டில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோழியின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. விசாரணை வைத்தார்கள், விரல் போனவள் மீதுதான். கவனக்குறைவு என்று நிரூபணமானால் வேலை போய்விடும். வெளியிலிருந்து ஒரு வக்கீல் விசாரணை அதிகாரியாக வந்தார். நடப்பதை எழுதுவது என் பொறுப்பு. தோழிக்காகச் சாட்சி சொல்ல வந்தவள் இவள் ஒருத்திதான்.

சென்சார் பழுது என்றும், அதை முன்பே சொன்னேன் என்றும் தெளிவாகச் சொன்னாள். நிர்வாகத் தரப்பு அவளுடைய கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்து, இதற்கு என்ன பதில் என்று கேட்டது.

அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "சார், நீங்க சொல்லித்தான எழுதுனேன்? சொல்லுங்க சார்."

நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறு காரணம் தேடிப் பயனில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சாட்சி மௌனமாக இருந்தார்னு போட்டுக்குங்க." போட்டுக்கொண்டேன்.

முடிவில் நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் சாட்சி கையெழுத்திட வேண்டும். யாரும் படிப்பதில்லை, போட்டுவிட்டுப் போவார்கள். அவள் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நான் பேசுனேன்லா சார்" என்றாள். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

தோழிக்கு வேலை போயிற்று. இருவரும் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நானும் அதன்பின் இரண்டு கம்பெனி மாறிவிட்டேன். ஆனால் மீட்டிங்கில் யாராவது பேச்சை நிறுத்தினால், வீட்டில் மகள் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூட, அந்தக் குரல் வந்துவிடுகிறது. நான் பேசுனேன்லா சார்.

கையெழுத்துப் போடாதவர்களுக்கும் எங்களிடம் ஒரு வாசகம் உண்டு. அவள் போனபின் அதை எழுதி, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினேன். 'படித்துப் பார்த்தபின் கையெழுத்திட மறுத்துவிட்டார்.' அந்தப் பக்கத்தில் நான் எழுதிய உண்மை அது ஒன்றுதான்.