தண்ணீர்த் தொட்டிக்குப் போன நாவல் கிளைகள்

என் வீட்டுக்காரருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வராது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். யார் கையைக் காட்டினாலும் ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில்கூட நிறுத்துவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குணம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஏணி, கடப்பாரை, என் இட்லிக் குண்டான் எல்லாம் அடுத்தவர் வீட்டில்தான் இருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நாவல் மரத்தை மட்டும் பொறுக்க முடியவில்லை.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் படித்தபோது, காரிமங்கலம் சந்தையில் வாங்கிய நாவல் பழத்தைத் தின்று கொட்டையைப் பின்பக்கம் துப்பினாள். அது முளைத்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி நான்தான் வளர்த்தேன். பன்னிரண்டு வருடமாகியும் ஒரு பூ இல்லை.

“ஆம்பள மரமா இருக்கும்க்கா” என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். எனக்கு ரோஷமாக வரும். அந்த மரத்தின் பழத்தை என் மகள் தின்பதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன்.

போன தை மாதம் மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போனேன். நான் இல்லாத நேரத்தில் ஊரில் எல்லார் போனுக்கும் ஒரு செய்தி வந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் நாவல் கட்டை போட்டால் பாசி பிடிக்காது, உப்புத் தண்ணீரும் இனிக்கும் என்று. எங்கள் ஊர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி படியும். ஆசைப்படாமல் இருப்பார்களா? முதலில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். பிறகு அவள் நாத்தனார். பிறகு பாதித் தெரு. இவரே ஏறி வெட்டிக் கொடுத்திருக்கிறார்.

பங்குனியில் திரும்பி வந்தேன். பின்கட்டில் ஒரு கம்பம் நின்றது. உச்சியில் ஒரே ஒரு கிளை மட்டும் மிச்சம்.

“எல்லாரும் நல்ல தண்ணி குடிக்கட்டுமேன்னுதாம்மா...” என்றார்.

“உங்க கையைக் கேட்டாலும் வெட்டிக் குடுப்பீங்களா?”

அழுதுவிட்டேன். இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைச் சத்தம் வரும்படி வைத்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பாட்டிலோடு வந்தாள். உள்ளே தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. “அக்கா, உங்க மரம் எங்க தொட்டியையே கெடுத்துடுச்சு!” பட்டையை உரித்துக் காயவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, பச்சைக் கிளையை அப்படியே போட்டிருக்கிறார்கள். அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தொட்டி கழுவற தண்ணியைச் சாக்கடையில வுடாதீங்க. குடத்துல புடிச்சாந்து மரத்துக்கு ஊத்துங்க. எல்லாரு வூட்லயும் சொல்லு.”

ஆச்சரியம், வந்தார்கள். அந்த வெயிலில் ஒரு வாரம் குடம் குடமாக ஊற்றினார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்காமலே ஊற்றிவிட்டுப் போனார்கள்.

சித்திரையில் அடிமரத்தில் செந்தளிர் விட்டது. உச்சிக் கிளையில் வெள்ளையாகப் பூ! கத்திக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்.

“இந்த ஒண்ணையாவது வுட்டு வெச்சீங்களே” என்றேன்.

“எட்டலைம்மா. பெரிய ஏணியை யாரோ இரவல் வாங்கிட்டுப் போயிருந்தாங்க.”

அவரிடம் பொய்யும் கிடையாது. அன்றைக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

ஆனியில் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். அந்தக் கிளையில் ஒரு சொம்புப் பழம் தேறியது. உப்பைத் தொட்டுத் தின்று, சின்னப் பிள்ளை மாதிரி ஊதா நாக்கை நீட்டிக் காட்டினாள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அப்போது வாசலில் பைக் சத்தம். இவரோடு முன்பு வேலை பார்த்தவர், நல்லம்பள்ளியிலிருந்து வந்திருந்தார். “தொட்டிக்கு ஒரே ஒரு கிளை வேணுங்க. காய வெச்சுத்தான் போடுவேன்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“இல்லைங்க” என்றார். “பழம் வேணா தின்னுட்டுப் போங்க.”

வந்தவர் இரண்டு பழம் தின்றுவிட்டுப் போனதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

“சொல்லிட்டேன் இல்ல?”

என் பங்குப் பழத்தையும் அவர் கையில் கொடுத்தேன்.