கொசுறு மீன்

ஜக்கம்மாளின் கையில் எதைக் கொடுத்தாலும் அது மூன்றாகப் பிரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை வாங்கினால் முதலில் பொட்டலத்தை மடியில் விரிப்பாள். கட்டைவிரலும் நடுவிரலும் ஒரு கடலையை எடுக்கும். கட்டைவிரல் அதை ஒரு புரட்டுப் புரட்டி முதுகைப் பார்க்கும். அடுத்த நொடி அது பருத்தது, நடுத்தரம், சொத்தை என்று ஏதாவது ஒரு குவியலில் கிடக்கும். பேச்சு அது பாட்டுக்கு நடக்கும். கண் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். விரல்கள் அவளைக் கேட்பதில்லை. மூன்று குவியலும் தயாரான பிறகுதான் முதல் கடலை வாய்க்குப் போகும்.

"திங்கிறதுக்கு முன்னாடி ஏலத்துக்கு அனுப்பப் போறியாக்கும்" என்பான் அவள் புருஷன் சுருளி.

இருபத்திரண்டு வருஷமாகப் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கிறாள். எட்டு மில்லிமீட்டர் பருமன் ஒரு சாக்கு, ஏழு மில்லி ஒரு சாக்கு, வெடித்த காயும் சொறிக் காயும் தனி. பெரும்பாதியைச் சல்லடை பார்த்துக்கொள்ளும். சல்லடையை ஏமாற்றிவிட்டு வருகிற காயை ஜக்கம்மாளின் விரல் பிடித்துவிடும். அவள் பிரித்த மூட்டை என்றால் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் சாக்கின் வாயைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அதே கையைத்தான் சொந்தக்காரர்கள் நம்பவில்லை. அவள் வாங்கிய வெள்ளாடு எட்டாம் நாள் செத்தது. கோழிகளைச் சீக்கு கொண்டுபோனது. கறிவேப்பிலைக் கன்று ஒரு சாண் வளர்ந்து கருகியது. 'கைராசி இல்லாதவ' என்று ஒரு பேர் வந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளை இல்லாததையும் பிறகு அதிலேயே மெதுவாகச் சேர்த்துவிட்டார்கள். அதிகம் சொன்னது சுருளியின் அக்கா ராமுத்தாய். குரங்கணிக்கு மேலே அவளுக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம். வருஷா வருஷம் ஆனி மழைக்குக் கன்று வைக்கக் குடும்பமே மலை ஏறும். "நீ அடுப்பப் பாரு ஆத்தா. கன்னு உசுருள்ளதுல்ல, நீ கை வைக்காத" என்பாள் ராமுத்தாய். சொல்லும்போது குரலில் பிரியம்தான் இருக்கும். அதனாலேயே பதில் சொல்ல முடியாது.

போன தை மாதம் கடைக்காரர் வீடு மாறினார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில், ஃபில்டரோடு ஒரு மீன் தொட்டி மிச்சமானது. "யாருக்காச்சும் வேணுமா?" என்று கேட்ட வாய் மூடுவதற்குள் "எனக்கு" என்று சொல்லிவிட்டாள் ஜக்கம்மாள்.  சாயங்காலம் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வரும்போது மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். இதில் விடுகிற உயிர் தங்கினால் மதினி ராமுத்தாய் சொன்னது பொய். தங்கவில்லையென்றால் இனி உயிருள்ள எதிலும் கை வைப்பதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மனோஜின் மீன் கடை. சுவர் முழுக்கத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் குமிழி. ஜக்கம்மாள் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"எந்த மீனுக்கா வேணும்?"

"எதுன்னாலும் ஒரே அளவா இருக்கணும் தம்பி. எட்டு மில்லிச் சரக்கு மாதிரி. கலப்பு இருக்கக்கூடாது."

மனோஜ் சிரித்துக்கொண்டே வலையை எடுத்தான். அவள் விரலை நீட்ட நீட்ட அள்ளினான். கறுப்பாய் இரண்டு ஆஸ்கர் குஞ்சு, வெள்ளியாய் இரண்டு ஷார்க் குஞ்சு, மூன்று கோல்டு, கோடு போட்ட டைகர் மூன்று, இரண்டு ஏஞ்சல், வாலை விசிறும் கப்பி மூன்று. எல்லாம் சுண்டுவிரலில் பாதி. அவள் கண்ணுக்கு அது பிசிறில்லாத சரக்கு.

கூட வந்திருந்த சுருளி எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். விடிகாலையில் போடியிலிருந்து மேட்டுக்கு, பூப்பாறைத் தோட்டங்களுக்கு, பெண்களை ஏற்றிப் போவான். எத்தனை பேர் ஏறினாலும் ஜீப்பின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி "இன்னும் ரெண்டு பேரு" என்பது அவன் வழக்கம். மீன் பையையும் அப்படியே இரண்டு தட்டுத் தட்டினான்.

"எடம் கெடக்கே. இன்னும் ரெண்டு போடலாம்."

கப்பி ஐந்தாயிற்று. மொத்தம் பதினேழு.

"சரி, கொசுறு?" என்றாள் ஜக்கம்மாள்.

"மீனுக்கு ஏதுக்கா கொசுறு? கறிவேப்பிலையா?"

"பதினேழு வாங்கிருக்கோம். கொசுறு இல்லாத யாவாரம் என்னய்யா யாவாரம்?"

மனோஜ் ஒரு மூலைத் தொட்டியின் அடியைத் துழாவி எதையோ பையில் போட்டான். ஆரஞ்சும் கறுப்புமாய்ப் பட்டை போட்டு, நூல் மாதிரி நெளிந்தது.

"என்னப்பா, புழுவப் போட்டுட்ட?"

"மீனுதாங்க்கா. லோச்சுனு பேரு. அடியிலயே கெடக்கும்."

அடியில் வைகையாற்றுக் கூழாங்கல் பரப்பி, ஓர் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றி மீன்களை விட்டார்கள். பதினெட்டும் ஒரே அளவில் மின்னிக்கொண்டு ஓடின. சுருளி இடுப்பில் கை வைத்துப் பார்த்தான். "ஃபுல் லோடு" என்றான் திருப்தியாக.

மூன்றாம் நாள் கொசுறைக் காணோம். தொட்டிக்குப் பின்னால் தேடினாள், கட்டிலுக்கு அடியில் தேடினாள். எறும்புச் சாரைகூட இல்லை. எதுவோ தின்றிருக்கும் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் கப்பி ஒன்று குறைந்தது. அதற்கடுத்து இரண்டு. ஆஸ்கர் ஒன்றின் வாயில் பாதி வால் தொங்கியதைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டைகர்கள் ஏஞ்சல்களின் நீண்ட செட்டைகளைக் கடித்துக் கடித்துக் கந்தலாக்கின. ஒன்று செத்தால் உடனே முக்கால்வாசித் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவாள். மறுநாள் இன்னொன்று மிதக்கும்.

மாசிக் கடைசியில் இரண்டாவது கோல்டு மிதந்தது. உள்ளங்கையில் எடுத்தாள். கட்டைவிரல் பழக்கத்தில் அதைப் புரட்டி முதுகைப் பார்த்தது. அப்போதுதான் அழுகை வந்தது. கொசுறையும் சேர்த்து ஒன்பது.

அன்றைக்கென்று ராமுத்தாய் வந்திருந்தாள். தொட்டியைச் சுற்றி வந்தாள்.

"எத்தனை போச்சு?"

"ஒம்பது மதினி."

"விடு ஆத்தா. ஒன் கைக்குக் காய்ஞ்ச சரக்குத்தான் சரி."

ஜக்கம்மாள் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. மறுநாள் கடையில் சல்லடை ஆடிக்கொண்டிருந்தபோதும் அதுவே காதில் ஓடியது. காய்ந்த சரக்கு. விரலில் இருந்த காயைப் பார்த்தாள். எட்டு மில்லி. இன்றைக்கும் எட்டு மில்லி, சாக்கில் ஏறிக் கப்பலில் போய் எவனோ தேயிலையில் போட்டாலும் எட்டு மில்லி. காய் காய்ந்தால் அப்புறம் வளராது.

சல்லடையைக் கீழே வைத்தாள். "அக்கா, என்னாச்சு?" என்று பக்கத்தில் இருந்த ரேணுகா கேட்டாள்.

"வளராத சரக்கைப் பிரிக்கிற மாதிரி வளர்றதைப் பிரிச்சுட்டேன்டி" என்றாள் ஜக்கம்மாள். ரேணுகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தாள். ஆஸ்கர் இரண்டும் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தன. ஷார்க்குகள் அவள் விரல் நீளம். மிச்சமிருந்த ஒரே ஒரு கப்பி, வந்த அளவிலேயே மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. தினமும் பார்த்த மீன்கள்தான். அளவைப் பார்க்கத்தான் பிறந்தவள் போலப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இது தெரியவில்லை.

நேரே மனோஜிடம் போனாள்.

"அந்தக் கறுப்பு மீனு வளந்தா எம்புட்டு வரும்?"

மனோஜ் முழங்கையைத் தொட்டு மணிக்கட்டு வரை காட்டினான். "ஒரு அடி வரும்க்கா."

"தொட்டியே ரெண்டடிதானப்பா!"

"நீங்க கேக்கலியே."

"நீ சொல்லலியே."

"ஒரே அளவா வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

 பிறகு ஜக்கம்மாள் ஒவ்வொரு தொட்டியாகக் கேட்க ஆரம்பித்தாள். இது எம்புட்டு வளரும், யாரைக் கடிக்கும், மேலே நீந்துமா அடியிலா, தனியாய் இருக்குமா கூட்டம் வேணுமா. கோல்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேணும், அழுக்கும் நிறையப் போடும் என்று தெரிந்தது. டைகர் நாலைந்துக்குக் குறைவாக இருந்தால் அடுத்ததைக் கடிக்கும் என்று தெரிந்தது. ஒவ்வொன்று செத்தபோதும் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றினாள் என்று கேட்டதும் மனோஜ் தலையில் கை வைத்தான். "தண்ணி திடீர்னு மாறுனா மீனு தாங்காது. கால்வாசிக்கு மேல மாத்தாதீங்கக்கா. வாரம் ஒருக்க போதும்." கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் விரல்கள் காற்றில் ஏதோ குவியல் பிரித்துக்கொண்டே இருந்தன.

அடுத்த நாள் எட்டு மீன்களை வாளியில் போட்டுக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தாள். ஒற்றைக் கப்பி மட்டும் வீட்டில். அதற்குத் துணையாக ஐந்து கப்பி கேட்டாள்.

"ஆணும் பெண்ணுமா தரட்டுமாக்கா? குட்டி போடும், தொட்டி நெறைஞ்சிரும்."

"நெறைஞ்சா எங்க வைக்க? எல்லாம் ஆணாவே குடு."

"கொசுறு வேணாமா?"

"வேணாம் சாமி."

சுருளிக்குத்தான் மனசு ஆறவில்லை. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணினான்.

"ஆறே ஆறா? பாக்கவே வெறிச்சுனு இருக்கு. ஆறு பேர ஏத்திக்கிட்டு நான் மேட்டுக்குப் போனா ஸ்டாண்டே சிரிக்கும்."

"ஜீப்புல ஏறுனவுக பூப்பாறையில எறங்கிருவாக. இதுக எங்க எறங்கும்?"

 மறுநாள் காலை பெண்கள் ஏறி முடித்ததும் வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டினான். "இன்னும்" என்றவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். தூக்குவாளிகளை மடியில் இடுக்கி, ஒருத்தி தோளில் ஒருத்தி தலை வைத்து, அசையக்கூட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை எடுத்துவிட்டான்.

"என்னண்ணே, ஒடம்புக்குச் சரியில்லையா?" என்று உள்ளேயிருந்து ஒருத்தி கேட்டாள். ஜீப்பே சிரித்தது.

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. ஆறு கப்பியும் வாலை விசிறிக்கொண்டு தொட்டி முழுக்கத் திரிந்தன. வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர். இரண்டு விரலால் அள்ளுகிற தீனி, அதுவும் சாப்பிட்டு மிச்சமில்லாத அளவு. அவளுக்கு நம்பிக்கை வந்தும் வராமலும் இருந்தது. ஒன்பதை மறக்க முடியவில்லை.

ஆனி மழை பிடித்தது. குரங்கணிக்குப் போய், ஜீப் போகிற மட்டும் போய், மிச்சத்தை நடந்து ஏறினார்கள். ராமுத்தாய் வழக்கம்போல அடுப்பைக் காட்டினாள். ஜக்கம்மாள் உலை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்து நின்றாள். ராமுத்தாய் கைவசம் மிஞ்சிய கன்றுகளை, இரண்டு பழைய தூருக்கு நடுவே இடுக்கி வைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.

"மதினி, இது பெரிசானா எம்புட்டு அகலம் போகும்?"

"இது என்ன புதுக் கேள்வி? ரெண்டு கைய விரிச்ச அகலம் போகும்."

"அங்கிட்டு இருக்கது?"

"அதுவும்தான்."

"அப்ப நடுவுல எங்க எடம்?"

ராமுத்தாய் நிமிர்ந்தாள். ஜக்கம்மாள் அவள் கையிலிருந்த கன்றை வாங்கினாள். கேட்டு வாங்கவில்லை. சரிவில் போன வருஷம் ஒரு தூர் அழுகிப் பிடுங்கிய இடம் திறந்து கிடந்தது. அங்கே போய், மண்ணைக் கையாலேயே கொத்தி, கன்றை வைத்து மூடினாள்.

"ஏ ஜக்கு, பட்டுப்போனா?"

"பட்டுப்போனா ஏன்னு பாப்போம் மதினி."

 ராமுத்தாய் கூடையிலிருந்து இன்னொரு கன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. இதுக்கு எங்க எடம்னு நீயே பாரு. அப்பறம் என்னையக் குத்தம் சொல்லாத."

அன்றைக்கு ஜக்கம்மாள் பதினொரு கன்று வைத்தாள். சோறு அடிப்பிடித்துவிட்டது. சுருளி முணுமுணுத்துக்கொண்டே தின்றான்.

இதற்குப் பிறகு நடந்தது ஒன்று உண்டு. ஆவணியில் கல்லுக்கு அடியில் இருந்த ஃபில்டர் அடைத்துக்கொண்டது. தை மாதத்திலிருந்து அசைக்காத கூழாங்கற்களை முதல் தடவையாக அள்ளி எடுத்தாள். கவிழ்த்து வைத்த மண்சட்டியைத் தூக்கினாள். அதற்கு அடியில், சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, ஆரஞ்சும் கறுப்புமாய்ப் பட்டை போட்டு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து கல்லுக்குள் நுழையப் பார்த்தது கொசுறு. செத்தது எட்டுத்தான்.