குப்புறக் கிடந்த மலை

மத்திகிரியில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கல்லும் சமிக்கியும் வைத்துத் தைக்கும் ஆரி வேலையும் உண்டு. பட்டுத் துண்டு, லைனிங், ஒற்றைக் கல், உதிர்ந்த சமிக்கி என்று மிஞ்சுவதை எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் சேர்த்து வைப்பேன். துண்டுகளை ஒட்டுப் போட்டு, நடுவில் பழைய டவல் கொடுத்து, பின்னால் காடாத்துணி வைத்து, கையால் பொடித் தையல் ஓட்டி, சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகப் படம் தைப்பது என் கிறுக்கு. படம் என்று நான்தான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ரவிக்கை வாங்க வருகிறவர்கள் தமிழில் கால்மிதி என்பார்கள், கன்னடத்தில் காலொரசு என்பார்கள். தெலுங்கிலும் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். அதை எழுத எனக்கு மனசில்லை.

போன வருஷம் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, சூளகிரியில் புது வீடு கட்டிக் குடிபோனாள். அவள் வீட்டு மாடியில் நின்றால் கோயில் இருக்கும் அந்த ஊர் மலை முழுசாகத் தெரியும். அந்த மலையையே தைத்தேன். பாறைக்குச் சாம்பல் நிற லைனிங், அடிவாரத்துக் கொத்தமல்லிப் பாத்திகளுக்கு ஏழெட்டு விதப் பச்சைப் பட்டு. கிரகப்பிரவேசத்தில் பார்த்தால் ஆளாளுக்குச் சில்வர் குடமும் சுவர்க் கடிகாரமுமாகக் கொண்டு வந்திருந்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. பேப்பரில் சுற்றியிருந்ததை நாத்தனார் கையில் திணித்து, "சும்மா துண்டுத் துணியில தெச்சதும்மா, எங்கயாச்சும் போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது, பாத்ரூம் வாசலில் என் மலை கிடந்தது. குப்புற, ஈரம் சொட்ட. ஓரத்தில் நான் வைத்த சிவப்புப் பைப்பிங்கை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. நாத்தனார் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணி, நீங்க தெச்சது என்னமா தண்ணி இழுக்குது! கடையில வாங்கறதெல்லாம் பத்து நாள்ல பிஞ்சு போவுது. இன்னும் ரெண்டு தெச்சுக் குடுங்களேன்."

பாராட்டுகிறாளாம்! வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சூளகிரி தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். தைக்கத்தான் போகிறேன், அதே மலையைத்தான் தைக்கப் போகிறேன். ஆனால் இந்த முறை எவளாவது கால் வைத்தால் சுருக்கென்று குத்த வேண்டும்.

டப்பாக்களைக் கவிழ்த்துக் கல்லாகப் பொறுக்கினேன். மலையடியில் ஹைவே. வருகிற லாரிக்கு வெள்ளைக் கல், போகிற லாரிக்குச் சிவப்புக் கல். பசை கிசை ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ரெட்டை முடிச்சு. ரோடு கோணலாக வந்ததென்று இரண்டு தடவை பிரித்தேன். மாட்டுவதற்கு மேலே துணியில் காது வைத்துக் குச்சி கோத்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் பாயில் விரித்திருந்த படத்தின் மேல் கையை ஊன்றி, "ஐயோ!" என்று அலறினார்.

"ஏம்மா, ஒரு துணிக்குப் போயி இவ்ளோ ரோஷமா?"

"ஆமா, ரோஷந்தான். சுத்தியல் எங்க வெச்சிருக்கீங்க?"

சுத்தியலும் ஆணியும் பையில் போட்டுக்கொண்டு நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஸ்டூல் போட்டு ஏறினதும் அவள் ஓடி வந்தாள்.

"அண்ணி! புதுச் செவுரு! நாங்களே இன்னும் ஒரு காலண்டர்கூட மாட்டல!"

நான் படத்தை விரித்துக் காட்டினேன். அவள் கிட்டே வந்து பார்த்தாள்.

"அட, நம்ம மலை! கீழ லாரியெல்லாம் போவுது!"

"போன தடவையும் இதே மலையத்தான் குடுத்தேன். நீதான் மிதிச்சுக்கிட்டு இருக்க."

பாத்ரூம் வாசலுக்கு ஓடினாள். பட்டுப் பக்கம் வழுக்குகிறது என்று முதல் நாளே சரியாகப் பார்க்காமல் குப்புறப் போட்டவள், இப்போதுதான் எடுத்துத் திருப்பினாள். "அய்யோ, சாமி இருக்கற மலையாச்சே" என்று அந்த ஈரத்துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"நீங்கதான அண்ணி, எங்கயாச்சும் போட்டு வைன்னீங்க? படம்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? மாட்டுன்னு சொல்லியிருந்தா மாட்டியிருக்க மாட்டனா?"

அவள் சொன்னது நிஜம். வேறு யாரும் காலை வைப்பதற்கு முன்னால் அதைத் தரையில் போட்டது என் வாய்தான். வெட்கமாக இருந்தது. ஆனால் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

"இது படம்மா" என்றேன். "செவுத்துல மாட்டணும்."

அவள் வாசலுக்கு எதிர்ச் சுவரைக் கையால் காட்டினாள்.

"அங்க வேணாம். வாசலுக்கு நேரா அடிங்க. வர்றவங்க பாக்கட்டும்."

பழையதைக் கேட்டு வாங்கி வந்தேன். எவ்வளவு துவைத்தும் கறை போகவில்லை. மிஷினுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறேன். போன வாரம் ரவிக்கை வாங்க வந்த ஒரு அம்மா அதை அண்ணாந்து பார்த்து, "கால்மிதிய எதுக்கு மேல மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். மிஷினை நிறுத்தினேன்.

"அது படம்ங்க. நான் தெச்சது."