மச்சான் போட்ட ஐந்து

கடலூரில் நானும் சிதம்பரத்தில் என் மனைவியின் தம்பியும் தினமும் ஒரே பேப்பரில் வரும் சுடோகுவைப் போடுவோம். ஊகித்து எண் போடக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. எனக்கு இருபத்தாறு கட்டங்கள் பாக்கி இருக்கும்போதே அவன் போன் வந்துவிடும்: "இன்னும் முடிக்கலையா மாமா?"

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பஸ் ஏறிப் போய், அவன் மனைவி எதிரிலேயே, அவன் பேப்பரில் போட்டிருந்த ஒரு ஐந்தைக் காட்டிக் கத்தினேன். "போன்ல விடையப் பாத்துப் போடற திருட்டுப்பய நீ! இந்த அஞ்சு எப்பிடி வந்துச்சு?"

"ரெண்டாவது வரிசையில அஞ்சுக்கு ரெண்டே எடம். எட்டாவதுலயும் அதே ரெண்டு நெடுக்குலதான் எடம். அப்ப அந்த நெடுக்குல வேற எங்கயும் அஞ்சு வராது. அதையெல்லாம் அடிச்சா, நாலாவது வரிசையில அஞ்சுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

"எவன் சொன்னான்?"

"நீங்கதான் மாமா. பொங்கலுக்கு வந்தப்ப அரை நாள் உக்கார வெச்சு சொன்னீங்களே."

"காபி கலக்கட்டா அண்ணே, இல்ல சண்டை முடியட்டுமா?" என்றாள் அவன் மனைவி.

நான் சொன்னதை அவன் செய்துகொண்டிருந்தான். நானோ அவன் முந்துகிறானே என்று கொதித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவன் போன் வரவில்லை. அதற்கும் முதலில் அவன்மேல்தான் கோபம் வந்தது. பிறகு நானே அழைத்தேன்.

"முடிச்சிட்டியா மச்சான்? எனக்கு இன்னும் பதினொண்ணு பாக்கி."